பந்தல் கயிறு

இன்னும் கொஞ்சம் நகர்ந்து கிட்ட வாருங்கள், கண்ணுகளா. கையில் வேலையிருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், காதை மட்டும் என் பக்கம் கொடுத்தால் போதும். கயிறும் மிதவையும் வாங்கக் கடைக்குப் போன ஒருவனுடைய கதையை உங்களுக்குச் சொல்லப் போகிறேன். கேட்டு முடித்ததும் அவனைத் திட்டத் தோன்றும். திட்டுங்கள், ஆனால் முடித்துவிட்டுத் திட்டுங்கள்.

பூதலூர்ப் பக்கம் இராஜாங்கம் என்று ஓர் எலக்ட்ரீசியன். அவனுக்கு ஒரே தங்கை பூவிழி. அவளைக் கட்டியவன் மருதையன். மருதையனுக்கு மூச்சுதான் முதல். கிணற்றுக்குள் மோட்டார் விழுந்தாலும், மதகுப் பலகைக்கு அடியில் மரம் சிக்கினாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். சிலிண்டர் கிடையாது, கண்ணாடி கிடையாது. நெஞ்சு நிறைய ஒரு மூச்சை இழுத்துக்கொண்டு இறங்குவான். இரண்டரை நிமிஷம் கழித்து வேலையை முடித்துவிட்டு வருவான்.

அந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. மூழ்குகிறவனின் கயிற்றைக் கரையில் நின்று பிடிப்பது அவன் மச்சான்தான். கூடப்பிறந்தவனிடம்கூடக் கொடுக்க மாட்டார்கள். பிடித்த கை தளர்ந்தால் தாலி அறுப்பது பிடித்தவனின் தங்கையல்லவா? அதனால் அவன் கண் அயர மாட்டான் என்று ஒரு நம்பிக்கை.

கயிற்றின் ஒரு நுனி மருதையன் இடுப்பில் இருக்கும், மறு நுனி இராஜாங்கம் கையில். நடுவில் தண்ணீர்மேல் ஒரு மிதவை. கீழேயிருந்து மருதையன் மூன்று முறை சுண்டினால், மிதவை மூன்று முறை தலையை அமுக்கும். அமுக்கினால் இழுக்க வேண்டும், அவ்வளவுதான். பத்து வருஷமாக ஒரு பழைய டிராக்டர் டியூபும் ஒரு பழங்கயிறும் அந்த வேலையைப் பார்த்தன. போன ஆனியில், ஆற்றில் தண்ணீர் விட்ட சமயம், டியூப் வெடித்துப் போயிற்று. கயிறும் இற்றிருந்தது.

"நீங்க டவுனுக்குப் போறவங்க மச்சான், நீங்களே வாங்கிட்டு வந்துடுங்க" என்றான் மருதையன். "கீழவாசல்ல சாஜிதான்னு ஒரு அம்மா வலைக்கடை வச்சிருக்காங்க. முத்துப்பேட்டைக்காரங்க. எதுக்குன்னு சொல்லிக் கேளுங்க, அவங்களே எடுத்துக் குடுப்பாங்க."

எதுக்குன்னு சொல்லிக் கேளுங்க. அந்த ஒரு சொல்லை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், கண்ணுகளா.

கடையில் ஆரஞ்சு நிற மிதவைகள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. இராஜாங்கம் ஒன்றைத் தொட்டு அழுத்திப் பார்த்தான். உள்ளே காலியாக இல்லை, கெட்டியாக இருந்தது. அப்போது முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்.

"என்ன இராஜாங்கம், கடலுக்குக் கிளம்பிட்டியா?"

ரகுராமன் சார். தோட்டத்துக்கு நிழல்வலை வாங்க வந்திருந்தார். பள்ளிக்கூடத்தில் இராஜாங்கத்துக்கு அறிவியல் எடுத்தவர். அவர்கள் வீட்டு நிலத்தில்தான் இராஜாங்கத்தின் அப்பா நடவுக்கும் அறுப்புக்கும் போனார். இப்போது அதே வீட்டுக்கு வயரிங் பார்க்கப் போனால் இராஜாங்கத்துக்கு நாற்காலி போடுகிறார்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒருநாள் சார் கேட்டார், "தங்கை வீட்டுக்காரர் என்ன பண்றார்?" என்று. "கவர்மெண்டுல சார். மதகு ஷட்டர் ஆபரேட்டர்" என்று சொல்லிவிட்டான். ஷட்டர் ஆபரேட்டர் கூப்பிட்டால் சேற்றுக்குள் மூழ்குகிறவன் என்று சொல்ல அவனுக்கு நாக்கு வரவில்லை.

இப்போதும் வரவில்லை. மிதவையிலிருந்து கையை எடுத்துக்கொண்டான்.

"ஒண்ணுமில்ல சார். வீட்டுல ஒரு விசேஷம். பந்தல் கட்டக் கயிறு."

"பந்தலுக்கா?" என்றாள் சாஜிதா. "அப்ப இந்த நைலான் எடுத்துக்கங்க. மெலிசா இருக்கும், பளபளன்னு இருக்கும், காத்தடிச்சா கொஞ்சம் நீண்டு குடுக்கும். பந்தலுக்கு அதான் நல்லது. வேற எதுக்காவதுன்னா சொல்லுங்க, மாத்தித் தர்றேன்."

"வேற எதுக்குமில்லங்க" என்றான். "தண்ணி புடிச்சு வைக்க ஒரு கேன் இருந்தா குடுங்க."

பஸ்ஸில் வரும்போது தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்: கயிறு கயிறுதானே, காலிக் கேனை மூடிவைத்தால் மிதக்கத்தானே செய்யும்.

மறுநாள் காலை மதகில் வேலை. பலகை பாதி திறந்திருக்க, அடியில் ஒரு பனந்துண்டு குறுக்கே மாட்டிக்கொண்டிருந்தது. கீழே குறுவை நாற்றங்கால்கள் காய்ந்துகொண்டிருந்தன. மருதையன் புதுக் கயிற்றை விரலில் உருட்டிப் பார்த்தான்.

"வழுக்குதே மச்சான். அந்தம்மாவா குடுத்தாங்க?"

"அவங்கதான்" என்றான் இராஜாங்கம். அது பொய்யில்லை. அதனால்தான் இன்னும் கேவலம்.

"அவங்க குடுத்தா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லி மருதையன் இடுப்பில் முடிந்துகொண்டு இறங்கினான்.

பூவிழிக்கு ஒரு பழக்கம். புருஷன் மூழ்கும்போது கரையில் அவளும் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். அவளுக்கு முக்கால் நிமிஷம்தான் வரும். விட்டு, மறுபடி பிடிப்பாள். மூன்றாவது பிடியில் அவன் தலை தெரிந்துவிடும். அன்றைக்கு மூன்று போய் நான்காவது பிடியும் வந்தது.

இராஜாங்கம் கேனையே பார்த்துக்கொண்டு நின்றான். மூடி வழியாகத் தண்ணீர் கசிந்து கேன் பாதி அமுங்கிச் சாய்ந்து கிடந்தது. அது தலையை அமுக்கவில்லை. அமுக்கவே இல்லையே என்று நிம்மதியாக இருந்தான்.

"அண்ணே, இழு!" என்று அலறினாள் பூவிழி.

"சுண்டலயே புள்ள..."

"இழுண்ணே!"

இழுத்தான். கயிறு வந்தது. வந்துகொண்டே இருந்தது. மருதையன் வரவில்லை, நைலான்தான் ரப்பர் மாதிரி நீண்டு நீண்டு கைக்கு வந்தது. கீழே அவன் எத்தனை முறை சுண்டினானோ, அத்தனையையும் அந்தக் கயிறே விழுங்கியிருந்தது. பூவிழியும் ஓடிவந்து பிடித்தாள். உள்ளங்கைத் தோல் உரிய இருவரும் பின்னால் சாய்ந்து இழுத்த இழுப்பில், பலகைக்கு அடியில் தண்ணீர் உறிஞ்சிப் பிடித்திருந்த காலைப் பிய்த்துக்கொண்டு மருதையன் மேலே வந்தான். முழங்காலில் தோல் இல்லை. இடது காதிலிருந்து ரத்தம்.

உயிர் பிழைத்தது. காதுச் சவ்வு கிழிந்துவிட்டது, ஒரு வருஷம் தண்ணீரில் தலை நனையக் கூடாது என்றார் டாக்டர்.

ஊர் என்ன சொன்னது தெரியுமா? "மச்சான்னா இராஜாங்கம் மாதிரி இருக்கணும்" என்றது. டீக்கடையில் அவனுக்கு எழுந்து இடம் கொடுத்தார்கள். ஒவ்வொரு பாராட்டும் அவன் கன்னத்தில் அறை மாதிரி விழுந்தது. நான்கு நாள் சோறு இறங்கவில்லை. ஐந்தாம் நாள் தங்கை வீட்டு வாசலில் போய் நின்றான். மருதையன் காதில் பஞ்சோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தான்.

"மாப்ள, ஒண்ணு சொல்லணும்" என்று மெல்ல ஆரம்பித்தான். "அந்தக் கயிறு... நான் எதுக்குன்னு சொல்லி வாங்கல."

"என்ன மச்சான்? இந்தக் காது போச்சு, அந்தக் காதுலயும் ஒரே இரைச்சல். சத்தமாச் சொல்லுங்க."

கொஞ்சம் உரக்கச் சொன்னான்.

"கேக்கலயே. இன்னும் சத்தமா."

அடுத்த வீட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள். எதிர்வீட்டு வாசலில் மூன்று பேர் நின்றார்கள். இராஜாங்கம் கண்ணை மூடிக்கொண்டு கத்தினான்.

"பந்தலுக்குன்னு பொய் சொல்லி வாங்கினேன் மாப்ள! ரகுராமன் சார் நின்னாரு. உங்க வேலையச் சொல்ல வெக்கமா இருந்துச்சு!"

துணியை உதறிய சத்தம்கூட நின்றுவிட்டது.

மருதையன் காதுப் பஞ்சைத் தடவிக்கொண்டே, "பந்தலுக்கா வாங்கினீங்க?" என்றான். "நல்லவேளை, இந்த வாசல்ல பந்தல் போட வைக்காம விட்டுச்சு."

சிரிக்கத்தான் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை. பூவிழி உள்ளேயிருந்து வந்தாள்.

"நீ எதைச் சொல்ல வெக்கப்பட்டியோ, அதுலதாண்ணே நான் சோறு திங்கிறேன்" என்றாள். "இனிமே கயிறு நான் புடிச்சுக்கறேன்."

அவ்வளவுதான் சொன்னாள். கோபித்துக் கத்தியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

மறுநாளே இராஜாங்கம் கீழவாசலுக்குப் போனான். படி ஏறும்போதே, "என் தங்கச்சி வீட்டுக்காரரு மதகுல மூழ்கி வேலை பாக்குறவரு. அதுக்கு வேணுங்க" என்றான். சாஜிதா அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அன்னிக்குப் பந்தல்னீங்களே. அதையா கட்டி இறக்குனீங்க? அடப் பாவி மனுஷா!"

அவன் தலை குனிந்தான். அவள் ஒரு பின்னல் கயிற்றை எடுத்து நுனியைக் காலில் மிதித்து, மறுபக்கம் முழு பலத்தோடு இழுத்துக் காட்டினாள். ஒரு விரற்கடைகூட நீளவில்லை. "இழுத்தா ஆளு வரணும், கயிறு வரக் கூடாது. முறுக்குக் கயிறும் வேணாம், ஆளச் சுத்தி விட்டுடும்." அப்புறம் ஆரஞ்சு மிதவை ஒன்றை அறுத்தெடுத்துக் கொடுத்தாள். "உள்ள காத்து அடைச்சது என்னிக்காவது ஏமாத்திடும். இது உள்ள வரைக்கும் ஒரே கெட்டி. எங்க வாப்பா இதை நம்பித்தான் கடலுக்குப் போனாங்க."

இந்த வருஷம் ஆனியில் மருதையன் மறுபடி மதகில் இறங்கினான். கரையில் கயிறு பூவிழி கையில். மிதவையைச் சுமந்து வந்த இராஜாங்கம் தள்ளி நின்றான். பாலத்தின்மேல் ஸ்கூட்டரை நிறுத்தினார் ரகுராமன் சார்.

"யாரு உள்ள இறங்கியிருக்கிறது?"

"என் மாப்பிள்ளை சார். மூழ்குறதுதான் அவர் வேலை. கவர்மெண்டுன்னு உங்ககிட்ட நான் சொன்னது பொய்."

"அப்படியா?" என்றார் சார். "எவ்வளவு நேரம் மூச்சுப் பிடிப்பார்?" வண்டியை ஓரங்கட்டிவிட்டுக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து பார்க்க ஆரம்பித்தார். அவருக்கு அது அவ்வளவுதான். இந்த ஒரு கேள்விக்குப் பயந்தா ஓர் உயிரை நைலானில் கட்டி இறக்கினோம் என்று இராஜாங்கத்துக்கு உடம்பெல்லாம் கூசியது.

ஆரஞ்சு மிதவை ஒன்று, இரண்டு, மூன்று என்று தலையை அமுக்கியது. பூவிழி இழுத்தாள். இராஜாங்கத்தின் விரல்கள் தாமாக மடங்கி இழுத்தன. அந்தக் கையில் கயிறு இல்லை.

கேட்டீர்களா, என் கண்ணுகளா? உங்கள் வீட்டுக்குச் சோறு கொண்டுவருகிற கையை ஊரறியச் சொல்கிற வாய் உங்களுக்கு இருக்கட்டும். இறங்கினவர்கள் ஏறி வரட்டும், வெளியே போனவர்கள் விளக்கு வைக்கும் முன்னே வாசல் மிதிக்கட்டும். உங்கள் வாசலில் கட்டுகிற பந்தலெல்லாம் கல்யாணப் பந்தலாகவே இருக்கட்டும்.