ஒரு துளைகூடப் போடக்கூடாது

1

வெள்ளவத்தையில் வாடகைக்கு அறை தேடித் திரிந்தபோது ஒரு வீட்டு ஹோலில் கதிரைகளோடு கதிரையாக ஒரு கார் சீட்டைக் கண்டேன். சிவப்புத் தோல் உறை. களைப்பில் அதில் இருக்கப் போனேன். “அதிலை வேண்டாம், இஞ்சாலை இருங்கோ” என்றார் வீட்டுக்காரர். அறை எனக்குப் பிடிக்கவில்லை, குழாயில் தண்ணீர் வரவில்லை. சீட் மட்டும் மனதோடு வந்துவிட்டது. காரணம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார், எனக்குக் கதை கிடைத்திருக்காது. ஆகவே இனி வருவதெல்லாம் என் கைச்சரக்கு.

2

[தில்லைநாதன் காரின் பொனட்டைத் திறந்தபோது கடற்காற்று—]

வேண்டாம். வெள்ளவத்தை என்றால் கடலைக் கூப்பிட்டே ஆக வேண்டுமா?

[1990இல் வடக்குக்கான பாதை மூடப்பட்ட—]

வானொலிச் செய்தி மாதிரி இருக்கிறது. நேரே சொல்லிவிடுகிறேன். தில்லைநாதன் ஒரு கப்பல் கொம்பனியில் கணக்காளர். ஐம்பதுகளில் செய்த, மடிப்புக் கூரையுள்ள, இரண்டே சீட் கொண்ட எம்.ஜி. கார் ஒன்று வைத்திருந்தார். ஒன்றில் அவர், மற்றதில் மனைவி சிவமணி. தாய்க்குச் சுகமில்லை என்று அவள் யாழ்ப்பாணம் போனாள். “ரெண்டு கிழமையிலை வந்திடுவன்” என்றாள். சண்டை மறுபடி மூண்டது, பாதை பூட்டுப்பட்டது. பிறகு அவள் தாயோடு இடம்பெயர்ந்து வன்னிக்குப் போனாள். செய்தி வருவதே அருமையாகிவிட்டது.

தில்லைநாதன் காரைப் பந்தயத்துக்கு மாற்றத் தொடங்கினார்.*

3

“நீ இருந்த கொழும்பிலை எந்தத் தமிழனப்பா ரேஸ் ஓடினவன்?” என்று இதுவரை வாசித்த என் தோழி றோஸி கேட்டாள். “ரோட்டாலை நடந்துபோகவே ஏலாது.”

அதுதான் காரணம், றோஸி. களுத்துறைப் பக்கம் பழைய விமான ஓடுதளம் ஒன்றில் பந்தயம் நடக்கும் (நடக்கட்டும், இது என் கதை). அந்தப் பாதையில் மட்டும் யாரும் மறித்து அடையாள அட்டை கேட்பதில்லை.

கொட்டாஞ்சேனையில் பௌஸியின் கராஜ். பம்பரைக் கழற்றினார்கள், மடிப்புக் கூரையைக் கழற்றினார்கள். பாரம் குறைய வேண்டும் என்று பக்கத்து சீட்டையும் கழற்றினார்கள். அது தில்லைநாதனின் ஹோலுக்குப் போனது. கடைசியில் கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் இரும்புக் கம்பி வந்தது. பின்னால் வில்லாக வளைந்து நிற்க வேண்டியது.

“இதுக்கு நாலு ஓட்ட போடணும் ஸேர்.”

“ஒண்டும் போடக்கூடாது. அவ வரேக்கை கார் அவ போன நாளிலை இருந்த மாதிரி இருக்க வேணும்.”

“அப்ப க்ளாம்ப் போட்டுத்தான் இறுக்கணும். கவுந்தா நிக்குமான்னு நான் சத்தியம் பண்ண மாட்டன்.”

“நான் கவிழ்க்க மாட்டன், பௌஸி.”

(* இந்தக் கதையில் நானும் எதையும் அழிக்கவில்லை. வேண்டாததை அடைப்புக்குள் வைத்திருக்கிறேன். விரும்பினால் திரும்பப் பூட்டிக்கொள்ளலாம்.)

4

இது இல்லாமலும் கதை ஓடும். எனக்குப் பிடித்திருப்பதால் விட்டுவைக்கிறேன். வீடுகளைச் சோதிக்க வந்த படையினரில் ஒருவன் ஹோலில் சீட்டைக் கண்டு, “மேக மொகக்த?” என்றான். இது என்ன என்று கேட்கிறான்.

“நோனாகே சீட் எக” என்றார் தில்லைநாதன். மனைவியின் சீட்.

நோனா எங்கே என்று கேட்டான். வடக்கில் என்று சொல்ல முடியாத காலம். கடைக்குப் போயிருக்கிறா என்றார் தில்லைநாதன். சொன்ன பிறகு அன்று முழுக்க, அவள் உண்மையிலேயே கடைக்குப் போயிருப்பதுபோல வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

5

பந்தயத்தில் முதலாவதாக வந்தார் என்று எழுதிப் பார்த்தேன். பொய்யாகத் தெரிந்தது. ஓடுபாதையில் வடக்கே பார்த்துப் போகும் ஒரு நேர்த்துண்டு இருந்தது. அதன் முடிவில் மற்றவர்கள் வேகத்தைக் குறைத்தார்கள். தில்லைநாதன் குறைக்கவில்லை. ஒவ்வொரு முறையும் வளைவைத் தவறவிட்டுப் புல்லுக்குள் இறங்கித் தோற்றார். இந்த மனிதரை எனக்குப் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான்.

6

2002இல் பாதை திறந்தது. சிவமணி வருகிறாள் என்று தெரிந்ததும் பௌஸியும் அவரும் எல்லாவற்றையும் திரும்பப் பூட்டினார்கள். கம்பியைக் கழற்றுவது மட்டும் மிச்சம். அதற்குள் அவள் வந்துவிட்டாள். தாயை வன்னியிலேயே எரித்துவிட்டு, மெலிந்து, தலை நரைத்து வந்தாள். காரைக் காட்டக் கராஜ் முற்றத்துக்குக் கூட்டிவந்தார். அவள் தன் சீட்டில் ஏறியிருந்தாள். வானத்தைப் பார்த்தாள். பிறகு தலைக்குப் பின்னால் கையை விட்டுக் கம்பியைப் பிடித்தாள்.

“இதையும் இப்ப கழட்டிப்போடுவம்” என்றார் தில்லைநாதன் பெருமையாக. “பிறகு எல்லாம் முந்தின மாதிரித்தான்.”

“இதைக் கழட்டாதேங்கோ.”

“முந்தி இது இல்லைத்தானே, சிவமணி.”

“முந்தி மேலையிருந்து ஒண்டும் விழேல்லைத்தானே.”

குண்டுபோடும் கிபிர் விமானங்களுக்கும் பதுங்குகுழிகளுக்கும் நடுவே அவள் இருந்த வருடங்களைப் பற்றி அவள் சொன்னது அவ்வளவுதான்.

பௌஸி கம்பியை ஆட்டிப் பார்த்தான். “இருக்கிறதுன்னா ஒழுங்கா இருக்கணும் ஸேர். க்ளாம்ப் சரிவராது. ஓட்ட போடத்தான் வேணும்.”

7

முடிவு அ: துளைக்கிறார்கள்.

முடிவு ஆ: தில்லைநாதன் நயமாகப் பேசிக் கம்பியைக் கழற்றுகிறார். இருவரும் காலிமுகத்திடலுக்குப் போகிறார்கள். வழி முழுக்க அவள் அண்ணாந்து பார்த்தபடி

[—]

என்னால் எழுத முடியவில்லை. நான் தில்லைநாதனின் கட்சி. எனக்கும் எல்லாம் போன நாளில் இருந்த மாதிரியே வேண்டும். அதனால் முடிவெடுக்கத் தகுதியில்லாத ஆள் நான்தான், நீங்கள் எடுங்கள். ட்ரில்லை பௌஸியிடமிருந்து வாங்கும்போது ஒன்றை யோசித்துக்கொள்ளுங்கள். தில்லைநாதன் இத்தனை வருடம் காத்திருந்த சிவமணி இனி வரமாட்டாள். வந்திருப்பவள் சீட்டில் இருந்து கம்பியைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்குக் கை நோகத் தொடங்கிவிட்டது.