இருதயச் சபையின் முதல் நோயாளி

எங்கள் ஊரில் நல்ல காரியம் ஒன்று தொடங்குவதென்றால் முதலில் மேடை கட்டுவார்கள். காரியம் என்ன என்பதைப் பிறகுதான் யோசிப்பார்கள். அருளம்பலம் முதலாளி 'இருதய நோய் உதவிச் சபை' தொடங்கியதும் அப்படித்தான். யுத்தம் வந்த நாளிலிருந்து துறைமுகத்துக் கப்பல்களுக்கு மரக்கறியும் இறைச்சியும் கொடுத்துக் கொழுத்த மனுஷன். வெள்ளைக்காரக் கப்டன்மார் கைகுலுக்கிப் பாராட்டுகிற மாதிரி ஏதாவது செய்துவிட வேண்டும் என்று அவருக்கு ஓர் அரிப்பு. கோயில் திருப்பணியை ஏற்கனவே வேறொருவர் பிடித்துக்கொண்டார். குண்டு விழுந்த வீடுகளுக்கு உதவலாம் என்றால் அந்த வீட்டுக்காரர்கள் வாசலில் வந்து நிற்பார்கள். இருதயம் வாசலில் வந்து நிற்காது. ஆகவே இருதயம்.

இவ்வளவு எரிச்சலோடு சொல்கிறாளே என்று நினைக்கிறீர்களா? நினையுங்கள், எனக்கென்ன. என் தங்கச்சி புஸ்பராணிக்கு இருதயம் பழுது. சின்ன வயதில் மூட்டெல்லாம் வீங்கிக் காய்ச்சலில் கிடந்தாள். காய்ச்சல் போகும்போது இருதயத்தையும் கடித்துவிட்டுப் போய்விட்டது. கிணற்றடியிலிருந்து குசினிக்கு வருவதற்குள் இடையில் ஒருதரம் குந்துவாள். எனக்குத் துறைமுக டொக்யாட் வாசலில் தேத்தண்ணிக் கடை. என் மனுஷனுக்குக் கப்பலில் வேலை, அவன் எப்போது வருவான் என்பது கப்பலுக்கே தெரியாது. ஆக அவளுக்கு நான், எனக்கு அவள்.

ஆசுபத்திரி டொக்டர் நல்ல மனுஷன். "இங்கை என்னட்டை இருக்கிறது காது மட்டுந்தான் பிள்ளை. கேக்கலாம், திருத்தேலாது" என்றார். கொழும்பில் இருதயத்துக்கென்றே ஒரு பெரிய டொக்டர் இருக்கிறாராம். அவருக்குக் கடிதம் எழுதி ஒரு கட்டில் பிடித்துத் தந்தார். அந்த மாதக் கடைசிச் சனிக்கிழமை வரைக்கும் கட்டிலை வைத்திருப்பார்கள், அதற்குள் வராவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும். "இன்னொரு மாரியை இவ தாங்கமாட்டா" என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். புஸ்பம் வெளியே மர வாங்கில் இருந்து அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

கட்டில் இருந்தது, போவதற்குத்தான் வழியில்லை. ரயில் முழுக்கப் பட்டாளத்துக்கும் நேவிக்கும். நேவிக் கந்தோரில் கேட்டால், நோயாளி ஒருவருக்கும் துணைக்கு ஒருவருக்கும் பெர்மிட் உண்டு, ஆனால் அதை இருதயச் சபைக்குக் கொடுத்துவிட்டோம் என்றார்கள். இருதயச் சபை என்றால் அருளம்பலம். போய் நின்றேன்.

"தாறன் பிள்ளை, தராமல் என்ன? உங்களைப்போல ஏழை எளியதுகளுக்குத்தானே சபை" என்றார் கதிரையில் சாய்ந்தபடி. "ஆனால் முதலிலை சனத்துக்கு இருதயத்தைப் பற்றி அறிவு வரவேணும். கானிவல் வைக்கிறம். உன்ரை தங்கச்சி மேடையிலை வந்து சும்மா நிண்டால் போதும்."

சும்மா நிற்பதாம்! நிற்க ஏலாததுதானே அவளுடைய வருத்தமே. ஆனால் பெர்மிட் அவர் கையில். ஓம் என்றேன்.

கானிவலை மைதானத்தில் வைத்தார்கள். கொடி, பாண்டு வாத்தியம், வளையம் எறிந்து சவர்க்காரம் வெல்லுகிற கொட்டில், ஓர் ஆட்டுக்கடாவுக்கு லொத்தர்ச் சீட்டு. சபையின் காரியதரிசி தங்கத்துரை மாஸ்டர்தான் இருதயத்தைப் பற்றி உரையாற்றினார். முதலாளியின் மனைவியுடைய தம்பி, முதலாளியை 'அத்தார்' என்பார். வேறு தகுதி ஒன்றையும் நான் கேள்விப்படவில்லை. "நெய்யைக் குறையுங்கள்! காலையும் மாலையும் உலாவப் போங்கள்! மனக்கவலைக்கு இடம் கொடாதீர்கள்!" என்று கையை வீசி வீசிச் சொன்னார். கேட்டுக்கொண்டு நின்ற சனம் யார்? விடிந்தால் பொழுதுபட்டால் கப்பலுக்குக் கரி சுமக்கிறவர்கள். கூப்பன் அரிசிக்கு வரிசையில் நின்று கால் கடுத்தவர்கள். அவர்கள் நெய்யைக் கண்டது கோயில் விளக்கில்.

"மாஸ்டர், கரிச்சாக்கோடை உலாவலாமோ, இறக்கி வைச்சிட்டுத்தான் உலாவ வேணுமோ?" என்று ஒருவன் கேட்டான். சனம் கொல்லென்று சிரித்தது. "கேள்விகள் பிறகு" என்றார் மாஸ்டர்.

மேடையில் புஸ்பம் நின்றாள். பிரதம விருந்தினரான நேவித் துரை வந்து கதிரையில் இருக்கும்வரைக்கும் ஒருவரும் இருக்கக்கூடாதாம், அது மரியாதையாம். துரை வரவில்லை. வெயில் ஏறியது. நான் பக்கத்தில் நின்று தோள் கொடுக்கப் போனேன், படத்தில் விழுவேன் என்று இறக்கிவிட்டார்கள். அவளுடைய உதடு மெல்ல மெல்ல நீலம் பாய்ந்தது. அருளம்பலம் தன் பிரம்பால் அந்த உதட்டைச் சுட்டிக்காட்டி, "பாருங்கோ, இதுதான் இருதய நோய்!" என்றார். பெண்டுகள் அழுதார்கள். ஒருத்தி தோட்டைக் கழற்றித் தட்டில் போட்டாள். மாட்டுத் தரகன்கூடப் பிரம்பை இப்படி நீட்டமாட்டான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த மேடையையே கொளுத்தியிருப்பேன். பெர்மிட்டை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அன்று பின்னேரம் முதலாளி வீட்டில் துரைமாருக்கு விருந்து. இருதயத்துக்காகச் சனம் போட்டதிலே இருதயத்துக்கு ஆகாததெல்லாம் சமைத்திருந்தார்கள். ஆட்டிறைச்சிப் பிரட்டலில் முதலாளி இறங்கிய ஆழத்தை அங்கே பரிமாறியவர்கள் வந்து என் கடையில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். பிறகு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாராம். டொக்டர் வந்து பார்த்து, "வாய்வு. ஓமத்தண்ணி குடியுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

அடுத்த நாள் தங்கத்துரை மாஸ்டர் கடைக்கு வந்தார். முகத்தைத் துக்க வீட்டுக்குப் போகிறவர் மாதிரி வைத்திருந்தார்.

"சபை கூடினது கோணேஸ்வரி. அத்தாருக்கு நெஞ்சு நோ. முதல் நோயாளியாய் அவரைத்தான் கொழும்புக்கு அனுப்பிறதெண்டு ஏகமனதாய்த் தீர்மானம்."

"ஆரின்ரை ஏகமனது?"

"சபையின்ரை. அத்தார்தான் பிரேரிச்சவர். நான் ஆமோதிச்சனான்."

"அவருக்கு வாய்வு மாஸ்டர்! ஊருக்கே தெரியும்!"

"இருதயத்தைப் பற்றிக் கவனயீனமாய் இருக்கக்கூடாது. நானே மேடையிலை சொன்னனானெல்லோ" என்றார். அட, வெட்கம் கெட்டதுகளே! "உன்ரை தங்கச்சிக்கு அடுத்த முறை பாப்பம். நத்தார்ப் பண்டிகை கழியட்டும்" என்றும் சொன்னார்.

"சனிக்கிழமை கட்டில் போயிடும்! அவள் செத்துப்போவாள் மாஸ்டர்."

அவர் தேத்தண்ணியை ஆற்றிக் குடித்துவிட்டு, "வெள்ளிக்கிழமை காலமை ஸ்டேசனிலை வழியனுப்பு வைபவம். அத்தாருக்கு மாலை போட ஒரு நோயாளி வேணும். புஸ்பராணியைக் கூட்டிக்கொண்டு வா. துணைக்கு நான்தான் போறன்" என்றார்.

கொதித்துக்கொண்டிருந்த கேத்தலை அவர் தலையில் கவிழ்க்க என் கை போனது. அதற்குள் உள்ளேயிருந்து புஸ்பத்தின் குரல் வந்தது. "வாறம் எண்டு சொல்லக்கா."

"உனக்கென்ன விசரே?" என்று உள்ளே போய்க் கத்தினேன். "உன்ரை இடத்தைப் பறிச்சவனுக்கு மாலையே போடப் போறாய்?"

"ஓம்" என்றாள். அதற்கு மேல் பேசினால் அவளுக்கு மூச்சு வாங்கும். வெள்ளிக்கிழமை காலையில் டொக்டர் தந்த கடிதத்தை மடித்துச் சட்டைக்குள் வைத்ததைக் கண்டேன். ஏன் என்று கேட்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

ஸ்டேசனில் நிற்க இடமில்லை. ரயில் பெட்டி எல்லாம் மாலுமிகள். நடுவில் ஒரு பெட்டியில் சபைக்கென்று ஒரு மூலை. அங்கே அருளம்பலம் நீட்டி நிமிர்ந்து படுத்திருந்தார், கழுத்துவரைக்கும் கம்பளி. காலடியில் சாப்பாட்டுக் கரியர் மட்டும் ஓர் ஆள் உயரம். மாலை வாங்க எழும்புவார் என்று பார்த்தால், அவர் நோயாளியாம், எழும்பக் கூடாதாம். படம் பிடிக்க வந்த அஸீம் பெட்டிக்குள் எட்டிப் பார்த்து, "அப்ப தங்கச்சி உள்ளுக்கு ஏறட்டும். ரெண்டு பேரும் ஒண்டாய் விழவேணும்" என்றான்.

நான் அவளைத் தாங்கி ஏற்றினேன். ரயிலின் படி என்ன படி! கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்கினாள், பிறகு ஏறினாள், மாலையை அவர் நெஞ்சில் வைத்தாள். முதலாளி கண்ணை அரைவாசி மூடி நோயாளி முகம் காட்டினார். அஸீம் படம் பிடித்தான். அத்தோடு வைபவம் முடிந்திருந்தால் அவள் இறங்கித்தான் இருக்க வேண்டும். ஆனால் நன்றியுரை இல்லாமல் எங்கள் ஊரில் ஒரு கூட்டம் முடிந்ததாகச் சரித்திரம் உண்டா? துணைக்குப் போகிறவரின் ஆசனத்தில் இருந்த தங்கத்துரை மாஸ்டர் எழும்பி, சால்வையைச் சரிசெய்து, பிளாட்பாரத்தில் இறங்கித் தொண்டையைச் செருமினார்.

கோணேசப் பெருமானுக்கு நன்றி சொன்னார். சக்கரவர்த்திக்குச் சொன்னார். நேவிக்கும், ஸ்டேசன் மாஸ்டருக்கும், பாண்டு வாத்தியத்துக்கும் சொன்னார். கார்ட் விசிலை ஊதினான். "இறுதியாக..." என்றார் மாஸ்டர்.

அப்போதுதான் பெட்டிக்குள் பார்த்தேன். புஸ்பம் மாஸ்டரின் ஆசனத்தில், யன்னல் ஓரமாக, நேராக இருந்தாள். என்னைப் பார்த்தாள். இந்த மனுஷன் இப்போது முடித்துவிட்டு ஏறினால் என் பிள்ளையைக் கையைப் பிடித்து இறக்கிவிடுவான்.

"மாஸ்டர்!" என்று கத்தினேன். "பந்தல் போட்ட ஆக்களை விட்டுட்டியள்!"

மாஸ்டர் திடுக்கிட்டுப் போனார். "மன்னிக்கவும், பந்தல் அமைத்துத் தந்த அன்பர்களுக்கும்..."

"கதிரை தந்த முஹம்மது தம்பி காக்கா!"

"ஓம் ஓம், கதிரைகள் தந்துதவிய முஹம்மது தம்பி அவர்களுக்கும்..."

அதற்குப் பிறகு நான் வாய் திறக்கத் தேவையே இருக்கவில்லை. தங்கள் பெயர் விடுபட்டவர்களுக்குச் சும்மா நிற்க முடியுமா? "சோடா குடுத்தது நாங்கள்!" என்று ஒரு குரல். "ஆட்டுக்கடா எங்கடை!" என்று இன்னொன்று. பூக் கட்டினவர், கொடி தைத்தவர், லாம்பு கொளுத்தினவர் எல்லோரும் முன்னுக்கு வந்தார்கள். மாஸ்டர் ஒவ்வொருவரையும் கும்பிட்டுக் கும்பிட்டு நன்றி சொன்னார். ரயில் நகர்ந்தது. அருளம்பலம் கம்பளியை உதறி எழும்பி யன்னலால் தலையை நீட்டி, "தங்கத்துரை! டேய் தங்கத்துரை!" என்று கத்தினார். மாஸ்டர் திரும்பி, இரண்டு கையையும் தலைக்கு மேலே குவித்து, "எல்லாவற்றுக்கும் மேலாக எமது தலைவர் அவர்களுக்கும்..." என்றார்.

பிறகுதான் உறைத்தது. ஓடினார். சால்வை விழுந்தது. கடைசிப் பெட்டியும் போய்விட்டது.

"ஓடாதேங்கோ மாஸ்டர், நெஞ்சுக்குக் கூடாது" என்றேன்.

"அடுத்த ஸ்டேசன் சீனன்குடாவிலை ஏறலாம்!" என்று இளைத்தார். காருக்குப் பெற்றோல் கூப்பன் இல்லை. சீனன்குடாக் காவலைத் தாண்டப் பாஸ் வேண்டும், பாஸ் முதலாளியின் பையில். "அங்கை அத்தாரை ஆர் பாக்கிறது?" என்று என்னைக் கேட்டார்.

"ஒரு நோயாளியும் ஒரு துணையும் எண்டுதானே பெர்மிட். ஆர் நோயாளி, ஆர் துணை எண்டு அவை ரெண்டு பேரும் கதைச்சுத் தீர்க்கட்டும்."

சனம் சிரித்தது, நானும் சிரித்தேன். ஆனால் கடைக்கு வந்து கதவைச் சாத்தியதும் அழுதேன். மாற்றுச் சேலை இல்லை, ஒரு வாய் சாப்பாடு கட்டிக் கொடுக்கவில்லை. வழியில் மூச்சு முட்டினால் நெஞ்சைத் தடவிவிட யார் இருக்கிறார்? அந்தத் தடியனா? கொழும்பில் இறங்கியதும் அவளை விட்டுவிட்டுப் போனால் அவள் எந்தத் திக்கில் நடப்பாள்? நடக்கத்தான் அவளால் ஏலுமா? நானே அவளைக் கொன்றுவிட்டேனோ என்று அன்றும் மறுநாளும் ஒரு கவளம் இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் வந்தார். கையில் தந்தி. கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் கேட்கும்படி நடுவில் நின்றார். இரண்டு நாளாக என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பியவருக்கு இப்போது முகமெல்லாம் வெளிச்சம்.

"அத்தார் அடிச்சிருக்கிறார். இங்கிலீசிலை இருக்கு, தமிழிலை சொல்லுறன், கேளுங்கோ. 'சபையின் நோயாளியை நானே நேரில் அழைத்துச் சென்று ஆசுபத்திரியில் சேர்ப்பித்தேன். கட்டில் கிடைத்தது. பத்திரிகைக்காரர் வந்து படம் எடுத்தனர். செவ்வாய்க்கிழமை திரும்புகிறேன். ஸ்டேசனில் வரவேற்புக்கு ஏற்பாடு செய்க.'" மாஸ்டர் மூக்கைத் துடைத்தார். "எப்பேர்ப்பட்ட மனுஷன்! தன்ரை நெஞ்சு நோவையும் பாராமல்... வரவேற்புப் பந்தலை எங்கை போடலாம், சொல்லுங்கோ பாப்பம்."

ஆளுக்கொரு இடம் சொல்லத் தொடங்கினார்கள். நான் அடுப்படியிலிருந்து எழும்பி வந்தேன்.

"மாஸ்டர், முதல்லை இருக்கிறதை இன்னொருக்கா வாசியுங்கோ."

"நேரில் அழைத்துச் சென்று..."

"அதில்லை. அதுக்குப் பிறகு."

"கட்டில் கிடைத்தது."

"இன்னொருக்கா."