முதல் கயிறு

டோர்க்கில் சமையலறை மேசையில் எட்டுச் சீட்டுகளைப் பரப்பிக்கொண்டிருந்தான். அப்பாவின் சவப்பெட்டியைக் குழிக்குள் இறக்கும் எட்டுக் கயிறுகளைப் பிடிப்பவர்களுக்கு ஆளுக்கொரு சீட்டு. நடுக் கயிறுகள் எடையைத் தாங்கும். தலைமாட்டுக் கயிறு, அதாவது முதல் கயிறு, பெட்டி சாயாமல் பார்த்துக்கொள்ளும்; அது மிக நெருங்கிய உறவுக்கு.

அந்த முதல் சீட்டில் அமைச்சரின் பெயர் இருந்தது.

"அந்தாளு அப்பாவைப் பார்த்தது கூட இல்லையே," என்றாள் தங்கை இஷ்பெல். "அது எனக்கு வேணும்."

"அமைச்சர் பட்டாளத்துல இருந்தவரு, தூதரா போனவரு, எம்.பி., புஸ்தகம் வேற எழுதியிருக்காரு. பேப்பர்ல படம் வர வேண்டாமா? பொம்பளைங்க கயிறு பிடிச்சு நம்ம ஊர்ல பார்த்திருக்கியா?" மூக்கைச் சுளித்தான். "மாடியில இன்னும் மூத்திர நாத்தம். ஜன்னலையாவது திறந்து விடேன்."

அந்த நாற்றத்தில்தான் அவள் ஆறு வருடம் இருந்தாள். அப்பாவின் புண்களைத் துடைத்தாள், அவரைப் புரட்டிப் படுக்க வைத்தாள்.

கல்லறைத் தோட்டத்தில் மழை பிடித்துக்கொண்டது. அடக்கப் பணியாளர் மன்றோ கயிறுகளின் எண்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார். ஏழு பேர் வந்து நின்றார்கள். அமைச்சர் காருக்குள் போன் பேசிக்கொண்டிருந்தார்.

"ரெண்டே நிமிஷம்," என்றான் டோர்க்கில்.

"பெட்டி நனையுதுங்க."

"செத்தவருக்குச் சளியா பிடிக்கப் போகுது?"

இஷ்பெல் முன்னால் வந்து தலைமாட்டுக் கயிற்றை எடுத்தாள். மன்றோ யாரையும் பார்க்காமல், "இறக்குங்க," என்றார். பெட்டி கோணாமல் இறங்கியது. வழக்கப்படி எல்லோரும் கயிறுகளை உள்ளே போட்டார்கள்.

அப்போதுதான் குடையோடு அமைச்சர் வந்தார், பின்னால் பத்திரிகைப் புகைப்படக்காரர்.

டோர்க்கில் ஈர மண்ணில் குப்புறப் படுத்தான். தன் கைத்தடியின் வளைந்த பிடியைக் குழிக்குள் விட்டுத் துழாவி, முதல் கயிற்றை மேலே இழுத்தான்.

"இதைப் பிடிங்க சார். ஒரே ஒரு படம்."

அமைச்சர் அதை இரண்டு விரலால் பிடித்து, முகத்தைத் தொங்கப்போட்டார்.

இஷ்பெல் மண்மேட்டில் குத்தி நின்ற மண்வெட்டியை உருவி, ஒரு வெட்டு மண்ணைக் குழிக்குள் தள்ளினாள்.

"ஏய், இரு! படம் இன்னும் எடுக்கல!"

அவள் இன்னொரு வெட்டுத் தள்ளினாள். ஈர மண் கயிற்றின் மேல் விழுந்தது. கயிறு அமைச்சரின் விரல்களிலிருந்து நழுவி, குழியின் விளிம்பில் உரசியபடி உள்ளே போனது.