ஆதிக்கக் கை

அண்ணன் சட்டைப் பொத்தானை ஒன்று தள்ளிப் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார்.

“மேல ஒண்ணு மிச்சம் இருக்கே, கடைக்காரன் இனாமாக் குடுத்தானா?” என்றாள் தங்கை.

“உன் கண்ணுல மட்டும் எதுவும் தப்பாது. பஸ்ஸுல சரி பண்ணிக்கறேன், விடு.”

சிரித்துக்கொண்டே படியிறங்கினார். பஸ் வருவதற்குள் நிறுத்தத்திலேயே சாய்ந்துவிட்டார். மாரடைப்பு. அந்த வீட்டில் இருந்ததே அவர்கள் இரண்டு பேர்தான்.

மூன்றாம் வாரம் அவள் அலுவலகத்துக்குக் கிளம்பினாள். வீட்டிலேயே கிடந்தால் சுவர்கள் விழுங்கிவிடும் போலிருந்தது. ஆனால் அவள் குழாய் வரைபடம் வரையும் குடிநீர் அலுவலகத்தில் புதிதாக ஒரு விதி முளைத்திருந்தது. துக்கத்தில் இருப்பவர்கள் மன ஆறுதல் பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கி வந்தால்தான் நாற்காலி. தேறாவிட்டால் இன்னும் ஒரு மாதம் கட்டாய விடுப்பு. இன்னும் ஒரு மாதம் அந்த வீட்டிலா?

பயிற்சியாளர் எல்லாவற்றுக்கும் ஒரே புன்னகை வைத்திருந்தார். ஆளுக்கு இரண்டு தாள் கொடுத்தார்.

“ஆதிக்கக் கையால இன்னொரு கைய வரையுங்க. அப்புறம் ஆதிக்கமில்லாத கையால ஆதிக்கக் கைய வரையுங்க.”

மாமியாரைப் பறிகொடுத்திருந்த தண்ணீர் மீட்டர்காரர் ஒருவர் எழுந்தார். “சார், எங்க வீட்ல ஆதிக்கக் கை என் சம்சாரத்தோடது. கூட்டிட்டு வரணுங்களா?”

“சோத்துக் கையச் சொல்றாருப்பா,” என்றது பின்வரிசை.

“அட, அத முதல்லயே சொல்றதுக்கென்ன!”

அவள் வரைந்தாள். இருபது வருடமாக ஈர மையோடு வேலை. கை பட்டு மை கலையாதிருக்க, தாளின் ஒரு பாதியை வலது கையாலும் மறு பாதியை இடது கையாலும் இழுப்பது அவள் வழக்கம். இரண்டு கைகளும் இரட்டைப் பிள்ளைகள் போலத் தாளில் வந்து உட்கார்ந்தன.

பயிற்சியாளரின் புன்னகை முதல்முறையாகத் தடுமாறியது. “இடது கையில வரைஞ்சது கோணலா இருக்கணுமேம்மா. அந்தக் கோணல்லதான் துக்கம் வெளிய வரும். நீங்க உள்ளயே பூட்டி வெச்சிருக்கீங்க.”

“எனக்கு ரெண்டு கையும் ஒண்ணுதான் சார். தொழில் அப்படி.”

“பாத்தீங்களா, மறுக்கறீங்க. துக்கத்துல அதுதான் முதல் கட்டமே.” படிவத்தில், ‘துக்கம் போதவில்லை’ என்று எழுதினார்.

மீட்டர்காரர் அவள் பக்கம் குனிந்தார். “அக்கா, பேசாம கோணலாப் போட்டுக் குடுங்க. நான் போட்டது கையா வெண்டைக்காயான்னு எனக்கே தெரியல. ‘மிக ஆழமான துக்கம்’னு எழுதியிருக்காரு. எங்க மாமியாருக்குத் தெரிஞ்சா எழுந்து வந்துடுவாங்க.”

அவள் வேறு தாள் கேட்டு வாங்கினாள். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கோட்டை வேண்டுமென்றே கெடுத்தாள். கெடுக்கிற வேகத்தில் விரல்களின் எண்ணிக்கையும் பிசகிப்போனது.

பயிற்சியாளருக்குக் கண் கலங்கிவிட்டது. “இந்த ஆறாவது விரல்... அண்ணன்தானேம்மா?”

“ஆமா சார்.”

சான்றிதழ் கையோடு கிடைத்தது. பணியாளர் பதிவேட்டைப் பார்க்கும் குமாஸ்தா அதை வாங்கிக் கோப்பில் செருகினார். அவளுடைய பக்கத்தைத் திறந்து, நிமிராமலே கேட்டார்.

“பழைய விவரத்துல மாத்தம் ஏதாவது உண்டாம்மா?”

அவசரத்துக்குக் கூப்பிட வேண்டியவர் என்ற இடத்தில் அண்ணனுடைய பெயரும் போன் நம்பரும் இருந்தன.

“ஒண்ணுமில்ல சார்,” என்றாள்.

அந்த வரி இன்னும் அப்படியேதான் இருக்கிறது.