தோள்வரை வந்தவள்

மார்பெலிஸ் சூரியோவின் இரண்டு கைகளும் சிலி நாட்டில், இக்கீக்கே ஊரில், எங்கள் வீட்டு மூன்றாம் அறையில் குடியிருக்கின்றன. மிச்ச உடம்பு வெனிசுவேலாவில், கபிமாஸில் இருக்கிறது. கேஸ் சிலிண்டர் விலை ஏறிய வருஷம்தான் கைகள் வந்து சேர்ந்தன. தெருவில் சிலிண்டரைப் பற்றித்தான் அதிகம் பேச்சாக இருந்தது. எங்கள் வீடு என்று சொல்லிக்கொள்கிறேனே தவிர, வீடு எர்சிலியா அம்மாளுடையது. அவர் இந்த ஊர்க்காரர். நாங்கள் அறைக்கு ஒரு குடும்பமாக வாடகைக்கு இருக்கும் வெனிசுவேலாக்காரர்கள். சமையலறை ஒன்று, கக்கூஸ் ஒன்று, சண்டை தினம் ஒன்று.

முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும். எங்கள் நாட்டில் புது வருஷம் பிறக்கிற நேரம், அந்த வருஷம் பயணம் அமையவேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவை ஒரு சுற்று ஓடி வருவார்கள். அவரவர் பெட்டியை அவரவர்தான் தூக்கவேண்டும். பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் இது. மார்பெலிஸும் அவள் புருஷன் எவுதோமாரும் சந்தையில் ஒரே அச்சில் இரண்டு நீலப் பெட்டி வாங்கி வைத்திருந்தார்கள். ஓடவேண்டிய நேரம் பார்த்து மகள் நைலெத் தாயின் தோளில் தூங்கிப்போனாள். "என் பெட்டியையும் நீயே தூக்கிட்டு ஓடேன். நான் ஓடினா இவ முழிச்சுக்குவா" என்றாள் மார்பெலிஸ். அந்த மனுஷனும் கொஞ்சம்கூட யோசிக்காமல் கைக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு ஓடினான். யோகம் அவனுக்கு வந்தது. அவள் பெட்டிக்கும் வந்தது. அவளுக்கு வரவில்லை.

கார்னிவல் திருவிழா முடிந்ததும் அவன் தன் நீலப் பெட்டியோடு பஸ் ஏறினான். அப்போதெல்லாம் பாஸ்போர்ட்டைக் காட்டினால், சுற்றிப் பார்க்க வந்தவர் என்று முத்திரை குத்தி உள்ளே விட்டுவிடுவார்கள். வந்தபின் வேலை தேடிக்கொண்டு காகிதத்தை மாற்றிக்கொள்ளலாம். இங்கே ஒரு ரொட்டிக் கடையில் அடுப்படி வேலை கிடைத்தது. அடுத்த வருஷம் மார்பெலிஸ் ஃபிரிட்ஜை விற்று, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கொலம்பியா, எக்குவடோர், பெரு என்று பஸ் மாறி மாறி வந்தாள். எல்லைக்கு முந்தின ஊரான தாக்னாவில் அவர்கள் இறங்கியபோது விதி மாறியிருந்தது. இனி விசா வேண்டும். அதையும் சொந்த நாட்டிலிருந்தே கேட்கவேண்டும். அங்கே ஜூன்தான் குளிர்காலம்; அந்தப் பாலைவனக் குளிரில், மணலில் பிளாஸ்டிக் விரித்து, ஊரே அங்கு படுத்துக் கிடந்தது. எவுதோமார் எல்லைவரை போய்க் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தான். மார்பெலிஸின் மஞ்சள் ஸ்வெட்டர் தெரிந்தது, முகம் தெரியவில்லை. கத்திப் பார்த்தான். அந்தக் காற்றில் எது கேட்கும்? நைலெத்துக்கு ஏற்கெனவே மூச்சிரைப்பு. குளிரில் நெஞ்சு அடைத்துக்கொள்ளவும் தாய் பயந்துபோய், வந்த வழியே திரும்பிவிட்டாள்.

அப்புறம் விதிகளோடு மல்லுக்கட்டினாள். பாஸ்போர்ட் காலாவதியானது, புதிதாக அச்சடிக்கத் தாள் இல்லை என்றார்கள். பழையதே செல்லும் என்று இங்கே ஒரு விதி வந்தது; அவள் கேட்டுப் போவதற்குள் அது போய்விட்டது. நடத்தைச் சான்று மூன்று மாதம்தான் செல்லும், அது கையில் கிடைக்கவே நாலு மாதமாகும். குடும்பமாகச் சேர விடாவிட்டால் போகட்டும், பார்த்துவிட்டாவது வருகிறேன் என்று உறவினரைப் பார்க்கும் விசா கேட்டாள். நீங்கள் திரும்பிப் போவீர்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம் என்றார்கள். புருஷன் இங்கே இருக்கிறானே, அதுவே அவள் திரும்பமாட்டாள் என்பதற்குச் சாட்சியாம். பார்க்க ஆள் இல்லாதவளுக்குத்தான் பார்க்கப்போகும் விசா கொடுப்பார்கள் போல. நாசமாய்ப் போக!

பெட்டிக்கு வந்த யோகம் வேலை செய்யத் தொடங்கியது அப்போதுதான். ஒரு சனிக்கிழமை எவுதோமாரின் கட்டிலுக்கு அடியிலிருந்து வாசனை வந்தது. பெட்டியைத் திறந்தால் சூடாக அரேப்பா ரொட்டிகள், மேலே எங்கள் ஊர் வெள்ளைச் சீஸ். தின்று முடித்துவிட்டுத்தான் போன் பண்ணினான்.

"அடியே, உன் பெட்டியில அரேப்பா வச்சியா?"

"எலித் தொல்லை தாங்காம உள்ள வச்சேன், காணோம். எலி ஜிப்பைத் திறக்கக் கத்துக்கிச்சு போல."

"எலி இல்லடி. நான்தான்."

அன்றிலிருந்து ஒரு பெட்டியில் வைத்தது மறு பெட்டியில் வந்தது. இவன் அரிசி வைத்தான், சோப்பு வைத்தான், பிள்ளைக்கு மூச்சிரைப்பு மருந்து வைத்தான். வீட்டிலிருந்த மற்றவர்களும் வெட்கப்படாமல் பயன்படுத்திக்கொண்டோம்; என் அம்மாவின் பிரஷர் மாத்திரையும் அந்த வழியாகத்தான் போனது. தபாலைவிட வேகம், சுங்க வரி கிடையாது. யாரும் இதைப் பெரிய அதிசயமாகப் பேசவில்லை. வயிற்றுக்குச் சோறு வருகிற வழியைக் கேள்வி கேட்பார்களா?

மூன்றாம் வருஷம் கபிமாஸில் கரண்ட் போன நேரம் நைலெத்துக்கு மூச்சு முட்டியது. ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் கருவி ஓடவில்லை. விடியும்வரை தாயும் சித்தி தெய்சியும் அட்டையால் விசிறினார்கள். பிள்ளை பிழைத்தாள், ஆனால் மார்பெலிஸ் முடிவெடுத்துவிட்டாள். பெட்டி வளராது, பிள்ளை வளர்வாள். இப்போதே முழங்காலை மடக்கினால்தான் கொள்ளும், அடுத்த வருஷம் கொள்ளாது. எவுதோமார் போனில் வேண்டாம் என்று அழுதான். அவள் பிள்ளைக்குக் கிறிஸ்துமஸ் கவுனை மாட்டி, தலையைச் சீவி, பெட்டிக்குள் உட்காரவைத்தாள்.

"முழங்காலை நெஞ்சோட வச்சுக்கடி கண்ணு. வலிக்குதா?"

"வலிக்கல. நீ எப்பம்மா வருவே?"

"உன் பின்னாடியே."

ஜிப்பை மூடித் திறந்தாள். பெட்டி காலி. இக்கீக்கேயில் எங்கள் நைலெத் ஒரு செருப்போடு கட்டிலுக்கு அடியிலிருந்து தவழ்ந்து வந்து, அப்பனை யாரோ என்று பார்த்தாள்.

பின்னாடியே வருகிறேன் என்று சொன்னது பொய்யில்லை. அன்று சாயங்காலமே மார்பெலிஸ் பெட்டிக்குள் கைகளை விட்டாள். தோள்வரை போனது, அதற்குமேல் நகரவில்லை. தலையைச் சாய்த்துப் பார்த்தாள், பக்கவாட்டில் படுத்துப் பார்த்தாள். மாதக்கணக்காகப் பட்டினி கிடந்தாள். அந்த நாட்டில் அது ஒன்றும் கஷ்டமில்லை. பட்டினியில் சதை வற்றும், தோள் எலும்பு வற்றுமா? இப்படியாகக் கைகள் மட்டும் வந்துபோக ஆரம்பித்தன. காலையில் வந்து மகளுக்கு இரட்டைச் சடை பின்னும். மாலையில் வந்து பருப்பு பொறுக்கும், அவள் சட்டைக்குப் பொத்தான் தைக்கும். பெட்டியைச் சமையலறை மேசைமேல் வைத்தால் எங்களுக்கும் வெங்காயம் நறுக்கிக்கொடுக்கும். எர்சிலியா அம்மாள் முதல் நாள் சிலுவை போட்டுக்கொண்டார். இரண்டாம் வாரம் தண்ணீர்ச் செலவைப் பிரிக்கும்போது, "கைக்கு வாடகை கேட்டா எனக்கு நரகந்தான். ஆனா பாத்திரம் கழுவுதுல்ல? அரை ஆளுன்னு போடுறேன்" என்றார். அதில் ஒரு நியாயம் இருந்தது.

காரியத்தைக் கெடுத்தவன் முதல் அறையில் குடியிருக்கும் வில்மேர். எங்கள் ஆட்களிடம் ஒரு வியாதி உண்டு: இந்த நாட்டுக்கு ஒரு வருஷம் முன்னால் வந்துவிட்டவன் வக்கீல் ஆகிவிடுவான். எல்லையில் பதியாமல் உள்ளே வந்த பிள்ளைகளை, நாமே போய்ச் சொன்னால் பதிந்துகொள்வார்கள் என்று புது விதி வந்திருந்தது. "உண்மையைச் சொல்லு மாப்ளே. இங்க உண்மைக்கு மரியாதை உண்டு. நான் சொல்றேன்ல" என்றான் வில்மேர். எவுதோமார் போய் உண்மையைச் சொன்னான். பிள்ளை எப்படி வந்தாள் என்பதைச் சொன்னான். கேட்காமலேயே, அவள் அம்மாவின் கைகள் வந்துபோவதையும் சொன்னான். நைலெத்தைப் பதிந்துகொண்டார்கள், அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் வீட்டுக்கு ஓர் இளம் அதிகாரி வந்தார். மரியாதையான பையன்; காலைக் கழுவிவிட்டுத்தான் உள்ளே வந்தார், ஏனென்றால் தெருவில் சாக்கடை உடைந்திருந்தது. கைகளுக்கு வணக்கம் சொல்லிக் குலுக்கினார். பத்து விரலிலும் ரேகை எடுத்துக்கொண்டார். மார்பெலிஸ் போன் வழியாக, "நல்லா அழுத்தி எடுத்துக்கோங்க தம்பி. விசாவுக்கு உதவும்ல?" என்று கேட்டாளாம். அவர் விரல்களில் இருந்த மையைத் துடைத்துவிட்டார்.

ஈஸ்டருக்குப் பிறகு அவரே ஆணையைக் கொண்டுவந்தார். காலை நேரம், கைகள் இரண்டாவது சடையைப் பின்னிக்கொண்டிருந்தன. மார்பெலிஸ் சூரியோ அனுமதியில்லாத வழியாகத் தோள்வரை நாட்டுக்குள் நுழைந்திருக்கிறார். ஆகவே அவர் வெளியேறவேண்டும். முறைதவறி நுழைந்தவர் என்பதால் விசா மனு தள்ளுபடி. வெளியேறியபின் மறுபடி நுழையத் தடை. வாசித்துவிட்டு, "நான் எழுதினது இல்லீங்க" என்றார். யார்தான் எழுதுகிறார்கள் இதையெல்லாம்?

அந்த நிமிஷமே பெட்டியும் விதிக்கு அடங்கிப்போனது. எவுதோமார் ஓரத்தில் திணித்த சோப்பு போகாமல் அங்கேயே கிடந்தது. அங்கே தெய்சி வைத்த சீஸும் இங்கே வரவில்லை. ஏற்கெனவே இந்தப் பக்கம் வந்திருந்த கைகள் மட்டும் அப்படியே இருந்தன. விஷயம் புரிந்ததும் எவுதோமார் போனில் அலறினான்: "எடுக்காதடி! கையை எடுக்காத! எடுத்தா அவ்வளவுதான்!"  "சடை பாதியில நிக்குது, எங்கடா எடுக்கப்போறேன்?" என்றாள் மார்பெலிஸ். கைகள் மிச்சச் சடையைப் பின்னி ரிப்பன் கட்டின. அதன்பின் அவை திரும்பிப் போகவே இல்லை.

ஒரு தடவை வெளியேற்றப் போலீஸ் வந்தது. வெளியேற்றப்படுகிறவரை முழு ஆளாக விமானத்தில் ஒப்படைக்கவேண்டும் என்பது அவர்கள் விதி. தோளுக்குமேல் இழுத்துப் பார்த்தார்கள், வரவில்லை. உள்ளே தள்ளிப் பார்த்தார்கள். விரல்கள் மேசைக்காலைப் பிடித்துக்கொண்டன, நைலெத் அந்த விரல்களைப் பிடித்துக்கொண்டாள், எர்சிலியா அம்மாள் துடைப்பத்தை எடுத்தார். அப்புறம் அவர்கள் வரவில்லை. ஆணை இன்னும் செல்லும் என்கிறான் வில்மேர். அவனிடம் யாரும் இப்போது ஆலோசனை கேட்பதில்லை.

கபிமாஸில் மார்பெலிஸ் பெட்டிமுன் தரையில் மெத்தை போட்டு வருஷக்கணக்காக அப்படியே கிடக்கிறாள். தெய்சிதான் ஊட்டுகிறாள், குளிப்பாட்டுகிறாள், தோளில் புண் வந்தால் மருந்து போடுகிறாள். "ஒரு கையையாவது உருவிக்கோயேன்க்கா. மூஞ்சியில கொசு உட்கார்ந்தா தட்டக்கூட முடியலையே" என்பாள். "உருவினா திரும்ப விடுவானுங்களா? போடி" என்பாள் மார்பெலிஸ். இங்கே நைலெத் அம்மாவின் நகத்தை வெட்டிவிடுகிறாள், குளிர் நாளில் கையுறை மாட்டுகிறாள். அவளுக்கே இப்போது சடை பின்னத் தெரியும். அதை அம்மாவிடம் சொல்லவில்லை. பள்ளியில் எவளாவது ஏதாவது சொல்லி அழுதுகொண்டு வருகிற நாளில் பெட்டியருகே போய் உட்காருவாள். கைகள் தடவித் தடவி முகத்தைக் கண்டுபிடித்துக் கண்ணைத் துடைத்துவிடும். விரலில் ஈரம் பட்டதும் அங்கே மார்பெலிஸும் அழுவாள். அவள் கண்ணைத் தெய்சி துடைத்துவிடுகிறாள்.