ஆட்டோவில் ஒன்று ஏறியாக வேண்டும்

பெரிய கம்ப்யூட்டரை வாங்கினால் நவநீதன் அந்த வீட்டில் மூத்தவன் இல்லை. சின்னதை வாங்கினால் தன்ஷிகா கடைக்குட்டி இல்லை. இரண்டும் காலையிலேயே வந்து ஹாலில் உட்கார்ந்திருந்தன. ஐந்து மணிக்குக் கடைக்கார அண்ணாச்சி ஆட்டோவோடு வருவார். அதற்குள் முடிவு செய்தாக வேண்டும்.

அந்த ஊரில், பிள்ளைகள் விளையாட என்று முதன்முதலாக வாங்குகிற கம்ப்யூட்டர் வீட்டில் இன்னொரு பிள்ளையாகத்தான் வரும். அதற்கு வயது உண்டு. அண்ணாச்சி பெட்டியின் முதுகில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தே சொல்லிவிடுவார். கிராபிக்ஸ் கார்டு பெரிதாக இருந்தால், உள்ளே ஃபேன் நிறைய ஓடினால், வயது கூடும். விலை இறங்கினால் வயதும் இறங்கும். இங்கே வந்திருந்த பெரியதுக்கு இருபத்தொன்று. சின்னதுக்கு நாலு. நவநீதனுக்குப் பதினேழு, தங்கச்சி தன்ஷிகாவுக்குப் பத்து. கணக்கு இவ்வளவுதான்.

எதிர்வீட்டில் யோசிக்காமல் நடுத்தரமாக ஒன்றை வாங்கினார்கள். அதன் வயதும் அவர்கள் பையன் ஸ்டீபன் வயதும் ஒன்றாகப் போய்விட்டது. இப்போது கிறிஸ்துமஸுக்கு ஒரே துணியில் அவனுக்குச் சட்டையும் அதற்கு உறையும் தைக்கிறார்கள். இரண்டில் யார் முதலில் பிறந்தது என்று அந்த வீட்டில் இன்னும் சண்டை ஓயவில்லை.

அண்ணாச்சி கடையில் ஒரு வழக்கம். இரண்டை இறக்கிவிட்டுப் போவார். ஒரு பகல் முழுக்க வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். சாயங்காலம் ஒன்று ஆட்டோவில் ஏறியாக வேண்டும். ஆட்டோ வெறுமனே திரும்பாது.

"ஒன்னு கட்டாயம் ஏறும் அண்ணாச்சி, என் வாக்கு," என்று அப்பா ரத்தினசாமி காலையிலேயே சொல்லிவிட்டார். அவர் டவுன் பஸ் கண்டக்டர். சொன்னால் செய்துவிடுவார். அவரிடம் இருந்த பெரிய தொல்லையே அதுதான்.

நவநீதன் பிளஸ் ஒன்னைப் பாதியில் விட்டவன். வீடுகளுக்குத் தண்ணீர் கேன் போடுகிறான். ஏன் விட்டாய் என்று கேட்டால் பிடிக்கவில்லை என்பான். அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடத்தில் இருந்தவரை ஒரு ரோல் நம்பராவது இருந்தது. இப்போது அவனுக்கு என்று இருந்த ஒரே பதவி அண்ணன். ஃபேனுக்கு நேர்கீழே பாய், கோழிக்குழம்பில் கால், அப்பா டியூட்டிக்குப் போனபின் வாசலில் வந்து நிற்கிறவரிடம் "என்ன விஷயம்?" என்று கேட்கிற உரிமை, எல்லாம் அந்தப் பதவியோடு வந்தவை. ரோட்டைக் கடக்கும்போது தன்ஷிகா திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை நீட்டுவாள். அங்கே அவன் கை இருக்கும். அதுவும் சேர்த்திதான்.

பெரியது வந்ததும் முதலில் ஃபேனைப் பார்த்தது. பிறகு அவனைப் பார்த்தது.

"தம்பி, உன் பாயைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கிடுதியா? எனக்குச் சூடு ஆகாது."

மரியாதையாகத்தான் கேட்டது. அந்த வீட்டுக்குள் அவனை யாரும் தம்பி என்று கூப்பிட்டதில்லை. பாயைத் தள்ளிப் போட்டான். போட்ட இடத்தில் காற்று வரவில்லை.

தன்ஷிகா இரண்டிலும் விளையாடிப் பார்த்தாள். பெரியதில் ஒரு காடு இருந்தது. ஒவ்வொரு இலையும் தனித்தனியாக ஆடியது. அவள் உள்ளே போய் மதியச் சாப்பாட்டுக்குத்தான் திரும்பி வந்தாள். சின்னதில் கார் ஓட்டுகிற விளையாட்டு மட்டும் ஓடியது. வளைவு வந்தால் கார் அப்படியே நின்றுவிடும். "குழந்தைல்லா, மூச்சு வாங்குது. பொறுத்துக்க," என்றாள் அம்மா கலைவாணி. சின்னது இடுப்பில் தூக்கச் சொன்னது. தன்ஷிகா தூக்கினாள். கொஞ்ச நேரத்தில் இடுப்பு வலிக்கிறது என்று இறக்கிவிட்டாள். தட்டில் கடைசியாக இருந்த அல்வாத் துண்டு எப்போதும் அவளுக்குத்தான். அன்று அது சின்னதுக்குப் போனது. அவள் தட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சின்னதே போதுங்க," என்றாள் அம்மா. "வருசா வருசம் பிறந்தநாளுக்கு ஒரு ராம் போட்டா தானா வளரும். பெரியவன் வளர்ந்தேல்லா வந்திருக்கான். நாம பார்த்து வளர்க்க என்ன மிச்சம்?"

"நீ அதை வளர்த்து முடிக்குததுக்குள்ள உன் பிள்ளைக வளர்ந்துரும்," என்றார் அப்பா. "அப்புறம் யார் விளையாட?"

இரண்டு பேர் சொல்வதும் சரிதான். அதனால் ஒன்றும் முடிவாகவில்லை.

மூன்று மணிக்கு வானம் கறுத்தது. தெருமுனை டிரான்ஸ்பார்மர் டம்மென்று வெடித்துக் கரண்ட் போனது. தன்ஷிகா குளியலறையில் இருந்தாள். ஜன்னல் இல்லாத அறை.

"அண்ணா!" என்று கத்தினாள்.

நவநீதன் வாயைத் திறந்தான். அதற்குள் ஹாலில் இருந்து, "இங்கதான் இருக்கேன் பாப்பா, பயப்படாதே," என்று பெரியது சொல்லிவிட்டது. கரண்ட் இல்லாமல்தான் சொன்னது. அது வேகமானது. அந்த விலை அதற்குத்தானே. திறந்த வாயை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் அவன் ஒரு கொட்டாவி விட்டு மூடிக்கொண்டான்.

கரண்ட் வந்தது. தன்ஷிகா வெளியே வந்தாள். தலை துவட்டினாள். டீ குடித்து டம்ளரையும் கழுவி வைத்துவிட்டாள். அப்போதுதான் சின்னது, "அக்கா, கூப்பிட்டியா?" என்றது.

அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். சின்னது அவன் பக்கம் திரும்பியது.

"அண்ணா, அக்கா பயந்துட்டாளா?"

"இல்ல," என்றான். பிறகு பொய் எதற்கு என்று, "பயந்தா. இப்ப இல்ல," என்றான்.

"பார்த்தியளா, பிள்ளை கூப்பிட்ட உடனே பதில் வருது," என்றார் அப்பா. "பெரியவன்தான் நிக்கணும். முடிஞ்சுது."

"சின்னண்ணா, அந்தத் துண்டைக் கொடியில போடேன்," என்றாள் தன்ஷிகா. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பெரியண்ணன் ஒருவர் இருந்தால் அடுத்தவர் சின்னண்ணன்தானே. நவநீதன் துண்டைக் கொடியில் போட்டான். ஈரத்தை நன்றாகப் பிழிந்துதான் போட்டான்.

ஐந்து மணிக்கு ஆட்டோ வந்தது. அண்ணாச்சி பின்சீட்டில் பழைய போர்வையை விரித்து வைத்தார்.

"ஏல நவநீதா, சின்னதைத் தூக்கி ஏத்து," என்றார் அப்பா.

அவன் தூக்கினான். தூக்கியதும் அது வயரை அவன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டது. ஆட்டோ பக்கத்தில் போய் நின்றான். நின்றுகொண்டே இருந்தான்.

"ஏத்துல."

"மாட்டேன்."

"பின்ன என்ன, பெரியவனை அனுப்பச் சொல்லுதியோ? வீட்டுக்கு மூத்த பிள்ளையை எவனாவது கடைக்குத் திருப்பி அனுப்புவானால?"

"நான் யாரையும் அனுப்பச் சொல்லல. இதை ஏத்த மாட்டேன்னுதான் சொல்லுதேன். இந்த வீட்டில இப்ப இது ஒன்னுதான் என்னை வெறும் அண்ணான்னு கூப்பிடுது."

"கொஞ்சம் மெதுவாத்தாம்டே கூப்பிடும்," என்றார் அண்ணாச்சி.

"கூப்பிடட்டும். எனக்கு என்ன அவசரம்?"

அவனுக்கு எப்போதும் எல்லாவற்றிலும் அவசரம். அது அவனுக்கே தெரியும். இருந்தாலும் சொன்னான்.

அண்ணாச்சி வாட்சைப் பார்த்தார். "கண்டக்டரே, வண்டி வெறுமனே போவாது. உங்க வாக்கு இருக்கு."

அப்பா பெரியதைப் பார்த்தார். சின்னதைப் பார்த்தார். பிறகு உள்ளே போய்க் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தார். அண்ணாச்சி அவர் முதுகில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"நாப்பத்தெட்டு. நல்ல கனமான சாமான். எடுக்கிற வீடு அமையக் கொஞ்சம் நாளாவும். ஆனா அமையும்."

போர்வையை அவர் தோளைச் சுற்றிப் போர்த்திக் கயிற்றால் ஒரு கட்டுக் கட்டினார். அம்மா பிரஷர் மாத்திரையைக் கொண்டுவந்து சட்டைப் பையில் போட்டாள். "ராத்திரி மறந்திராதீங்க," என்றாள்.

"ஏல," என்றார் அப்பா. "ஏத்தச் சொன்னேன், ஏத்தல. சரி, போகட்டும். காலையில இருந்து பார்க்கேன், பெரியவனை ஒரு தடவைகூட நீ அண்ணான்னு கூப்பிடல. அதையாவது செய்." பிறகு ஆட்டோவின் தகரத்தை இரண்டு தட்டுத் தட்டி, "ரைட், போலாம்," என்றார். ஆட்டோ போய்விட்டது.

நவநீதன் சின்னதை இடுப்பில் வைத்துக்கொண்டே உள்ளே வந்தான். பெரியது ஃபேனுக்கு அடியில் இல்லை. ஜன்னலோரம் அப்பாவின் நாற்காலியில் இருந்தது. அப்பா இல்லாத வீட்டில் அந்த நாற்காலி மூத்த பிள்ளைக்குத்தான் போகும். அதில் உட்கார்ந்த பிறகு அது பிள்ளை இல்லை. அம்மா அப்பாவின் துண்டை எடுத்து அதன்மேல் போட்டாள். கண்டக்டர் பையை அதன் பக்கத்திலேயே மாட்டினாள்.

ஃபேனுக்கு அடியில் இடம் காலியாக இருந்தது. அவன் பாயை இழுத்துப் போட்டான். காற்று வந்தது. சின்னதை ஓரமாக இறக்கி வைத்து, அதற்கும் காற்று படுகிறதா என்று கையை வைத்துப் பார்த்தான்.

"அண்ணா, கொஞ்சம் நகரு, நானும் உட்காரணும்," என்றாள் தன்ஷிகா.

அவன் நகர்ந்தான். அவள் உட்கார்ந்து சின்னதை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். கார் கிளம்பியது. முதல் வளைவில் நின்றது. இரண்டு பேரும் காத்திருந்தார்கள்.

அம்மா காபி டம்ளரைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்து, ஜன்னல் பக்கம் கண்ணைக் காட்டினாள். அவன் எழுந்து கொண்டுபோனான். ஆட்டோவில் இருந்தபடி அப்பா அத்தனை தூரம் சொல்லிவிட்டுப் போயும் நவநீதன் அதை அண்ணா என்று கூப்பிடவில்லை.

"அப்பா, காபி," என்றான்.