ஒரு தடவை அழுத்தினால் ஒரு வெளிச்சம்

அன்னத்தாய் அம்மா என் ஸ்டூடியோ வாசலில் நின்று தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் உள்ளே நுழைந்தார். பின்னாலேயே அவர் மகள் ஆஷிகா. ஸ்ரீவில்லிபுத்தூரில் போட்டோகிராபருக்கா பஞ்சம், இராஜபாளையம் வரை பஸ் ஏறி வந்திருக்கிறார்களே என்று நினைத்தேன். உட்கார்ந்ததும் காரணம் வந்தது. உள்ளூர் ஆளிடம் சொன்னால் பேச்சு வெளியே போய்விடுமாம்.

ஆஷிகாவுக்கு ஒன்பதாம் வகுப்பிலிருந்து வலிப்பு. மாத்திரை சாப்பிடுவதால் மூன்று வருஷமாக வரவில்லை. ஆனால் பட்பட்டென்று விட்டுவிட்டு மின்னும் வெளிச்சம் மட்டும் அவளுக்கு ஆகவே ஆகாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருக்கிறார். அடுத்த மாதம் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை பெனின் சாத்தூர்க்காரர், பட்டாளத்தில் இருக்கிறார். அந்த வீட்டில் யாருக்கும் இது தெரியாது.

"தெரியாமலே முடியணும் தாயி. அதுக்குத் தக்கன ஒரு ஃபிளாஷ் பாத்து வாங்கு," என்றார் அன்னத்தாய்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மறைத்துக் கட்டிக்கொடுக்கிற வேலைக்கு நான்தான் கிடைத்தேனா? கேட்டேவிடலாம் என்று வாயைத் திறந்தேன். ஆஷிகா என் மேஜை மேலிருந்த பழைய ஃபிளாஷையே பார்த்துக்கொண்டிருந்தாள், கடிக்கிற நாயைப் பார்ப்பதுபோல. அதைப் பார்த்ததும் என் கோபம் இறங்கிவிட்டது. ஃபிளாஷை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

பழையது உதவாது. அதை ஆட்டோ மோடில் வைத்தால், வெளிச்சத்தை அளந்து பார்க்க முதலில் குட்டியாக ஒரு மின்னல் அடித்துவிட்டு அப்புறம்தான் பெரிதாக அடிக்கும். கண் சிவப்பாக விழாமல் இருக்க ஒரு வசதி உண்டு, அது இன்னும் மோசம், நாலைந்து தடவை சிமிட்டும். அளவை நானே கையால் வைத்தால் ஒரே ஒரு தடவைதான் அடிக்கும். ஆனால் முகத்துக்கு நேரே அடிக்காமல் மண்டபத்துக் கூரையில் அடித்து வெளிச்சத்தைக் கீழே இறக்க வேண்டும், அதற்குப் பழையதில் பலம் இல்லை. எப்போதும் எரிகிற எல்.இ.டி. வைத்தால் என்ன என்று ஆஷிகா கேட்டாள். மலிவான எல்.இ.டி. நம் கண்ணுக்குத் தெரியாமல் துடித்துக்கொண்டே இருக்கும், அதை நம்ப எனக்குத் தைரியம் இல்லை.

மதுரையில் கேமரா கடைக்காரர் வினாடிக்கு எட்டுத் தடவை அடிக்கிற ஃபிளாஷைப் பெருமையாக நீட்டினார். எனக்கு ஒரு தடவை அடித்தால் போதும் என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கடைசியில் பெரிய பேட்டரி உள்ள, பலமான ஒன்றை வாங்கினேன். முழுப் பலத்தில் நாற்பது, ஐம்பது படம் தொடர்ந்து எடுத்தால் சூடாகி அதுவாகவே நின்றுவிடும், ஆற விட வேண்டும் என்று எச்சரித்தார். ஒரு நிச்சயத்துக்கு அம்புட்டு வேகமாக யார் எடுக்கப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் ஆஷிகாவை ஸ்டூடியோவில் உட்காரவைத்து கூரையைப் பார்த்து ஒரு தடவை அடித்தேன். நாற்காலியை இறுக்கிப் பிடித்திருந்தாள். எனக்கு அவளைவிடப் பயமாக இருந்தது. நிறுத்தி, நிதானமாக இன்னொன்று அடித்தேன். "ஒண்ணும் செய்யலக்கா," என்று அன்றுதான் முதல் தடவையாகச் சிரித்தாள். மாப்பிள்ளையிடம் சொல்லிவிடேன் என்று மெதுவாக ஆரம்பித்தேன். அவருக்கு அனுப்ப போனில் எழுதி எழுதி அழித்திருக்கிறாளாம். நானும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை.

நிச்சயம் அன்று காலை பதினோரு மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் சர்ச்சை ஒட்டிய மண்டபத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. போதகர் ஜெபித்து முடித்தார். மோதிரம் மாற்ற வேண்டியதுதான் பாக்கி. அப்போது பெனினுடைய கூட்டாளி செல்வின் மேடை ஓரத்தில் ஒரு ஸ்டாண்டைக் கொண்டுவந்து நட்டான். மோதிரம் போடும்போது பாட்டோடு சேர்ந்து மின்னுகிற விளக்காம். சோதித்துப் பார்க்க ஸ்விட்சைத் தட்டினான். மண்டபமே வெட்டி வெட்டித் தெரிந்தது. ஆஷிகா சட்டென்று கண்ணை மூடித் தலையைக் குனிந்துகொண்டாள். நான் ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கினேன்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். படத்தில் கோடு கோடாக விழும், இந்த விளக்கு வேண்டாம் என்றேன். அது பொய்யும் இல்லை. செல்வின் விடுவதாக இல்லை, வீடியோவுக்கு நன்றாக இருக்கும், வேண்டுமானால் மோதிரத்தைக் கழற்றித் திரும்ப மாட்டி போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள் என்றான். பெனின் நல்ல மனிதர், நடுவில் வந்து சமாதானம் பண்ணினார். முதலில் அக்கா எடுக்க வேண்டியதை எல்லாம் எடுத்து முடிக்கட்டும், பொறவு லைட்டைப் போட்டு மோதிரம் மாட்டலாம் என்று முடிவு சொல்லிவிட்டார்.

அதாவது நான் எடுத்துக்கொண்டிருக்கும் வரைக்கும் அந்த விளக்கு எரியாது. மாப்பிள்ளை வீட்டாரை வரிசையாக மேடைக்குக் கூப்பிட்டேன். அவர்கள் முடிந்ததும் பெண் வீட்டார். சித்தப்பா தனியாக, பெரியப்பா தனியாக, சமையல் ஆட்களைக்கூட விடவில்லை. வேகமாக எடுத்தால் நானே அவளுக்கு வினையாகிவிடுவேன். ஒவ்வொரு படத்துக்கும் நடுவில் மனதுக்குள் ஐந்து வரை எண்ணினேன். ஆஷிகா சிரித்த முகமாகவே நின்றாள், கை மட்டும் சேலை முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தது. அன்னத்தாய் கீழேயிருந்து, இன்னும் எடு, இன்னும் எடு என்று கண்ணாலேயே கெஞ்சினார். பசிக்கிறது என்று கூட்டத்தில் முனகல் எழுந்தது. செல்வின் பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

ஐம்பத்திரண்டாவது படத்துக்கு அழுத்தினேன். வெளிச்சம் வரவில்லை. ஃபிளாஷின் முதுகில் சிவப்பு விளக்கு எரிந்தது, தொட்டால் சுட்டது. நான் கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்காமல் சும்மா அழுத்திக்கொண்டே இருந்தேன். செல்வின் கவனித்துவிட்டான். "முடிஞ்சிருச்சுல்லக்கா?" என்று கேட்டுக்கொண்டே பிளக்கைச் சொருகக் குனிந்தான்.

"போடாதீக," என்றாள் ஆஷிகா. சத்தமாகச் சொல்லவில்லை. பெனின் பக்கம் திரும்பினாள். "எனக்கு வலிப்பு இருக்கு. ஒம்பதாங்கிளாஸ்ல இருந்து மாத்திரை சாப்பிடுதேன். அந்த லைட்டு எரிஞ்சா எனக்கு வந்துரும்."

பெனினுடைய அம்மா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். பெனின், இது யாருக்கெல்லாம் தெரியும் என்று கேட்டார். அம்மாவுக்கும் இந்த அக்காவுக்கும் என்று ஆஷிகா மறைக்காமல் சொன்னாள். அவர் என்னைப் பார்த்தார், என் கையிலிருந்த ஃபிளாஷைப் பார்த்தார். எல்லாம் அவருக்கு விளங்கிவிட்டது.

"போட்டோ எடுக்க வந்தவியளுக்குத் தெரிஞ்சிருக்கு," என்றார். பிறகு அவளிடம், "நேத்து சொல்லிருந்தா நேத்தே சரின்னிருப்பேன், ஆஷிகா. இன்னைக்கு என்னால முடியல."

செல்வினிடம் விளக்கை மடிக்கச் சொல்லிவிட்டு அவர் மேடையை விட்டு இறங்கினார். அவர் வீட்டார் பின்னாலேயே போனார்கள். அரை மணி நேரத்தில் வேன் கிளம்பிவிட்டது.

அன்னத்தாய் நேரே என்னிடம் வந்தார். ஒழுங்காக ஒரு ஃபிளாஷ் பார்த்து வாங்கத் துப்பில்லையா, இன்னும் செத்த நேரம் அது ஓடியிருந்தால் எப்படியாவது சமாளித்திருக்கலாமே என்று வாய்க்கு வந்தபடி ஏசினார். ஃபிளாஷ் சரியானதுதான். முதல் நாளே, ஃபிளாஷை நான் பார்த்துக்கொள்கிறேன், மாப்பிள்ளையிடம் நீங்கள் சொல்லிவிடுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் பாதியை மட்டும் சொல்லிவிட்டு மதுரைக்கு பஸ் ஏறினேன்.

ஆஷிகா மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு வந்து அம்மாவின் கையைப் பிடித்தாள். அழுதுகொண்டுதான் இருந்தாள், ஆனால் குரல் நடுங்கவில்லை.

"அவியள ஏசாதம்மா. அந்த ஃபிளாஷ் நிக்கலேன்னா நான் வாயே தொறந்திருக்க மாட்டேன். மோதிரத்தோட அந்த வீட்டுக்குப் போயி, எந்த லைட்டு எப்ப மின்னுமோன்னு ஆயுசுக்கும் பயந்துக்கிட்டுல்ல கெடந்திருப்பேன்."